பூப் போட்ட நோட்டு

“உனக்குப் படிப்பு தெரியும். காசு தெரியாது.”

சேமிப்பு வங்கிக் கிளையில் எனக்கு வேலை கிடைத்த அன்று என் அம்மா சொன்னது இது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மசாலா அரைத்து விற்பவள் அவள்; அம்மியின் முன்னால் உட்கார்ந்து மல்லி அரைத்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்று மிளகாய் விலை ஏறிவிட்டது என்று வாடிக்கைக்காரரிடம் சொல்வது போலச் சொன்னாள்.

எங்கள் குடும்பத்தில் பெயரைக் கையெழுத்தாகப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அதனால் அம்மாவின் பேச்சு சுருக்கென்று தைத்தது. வட்டி எப்படிக் கணக்கிடுவது என்று இந்தச் சந்தையில் எவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

அடுத்த வாரம் முதல், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருத்தி என் நாற்காலியில் உட்காரப் போகிறாள். படிவம் நிரப்புவது, கைரேகையை ஒப்பிடுவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே சொல்லாத ஒன்றை நான் சொல்லிவிட்டுப் போகிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். அவருக்கும் தெரியும். எங்கேயோ, யாரிடமோ பட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். அது எங்கே என்று கேட்காமல் நாம் எவ்வளவு விளக்கினாலும் அவர் தலையை ஆட்டுவார், காதில் வாங்க மாட்டார்.

இதை எனக்கு முதலில் புரியவைத்தவர் பெருமாள் அண்ணன். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். நான் சேர்ந்த புதிதில் கொஞ்சம் பணம் போட்டார். அடுத்த மாதம் எடுக்க வந்தார். நான் நீட்டிய நோட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நான் குடுத்த நோட்டு இல்லையே, தங்கச்சி.”

“எல்லா நோட்டும் ஒண்ணுதான், அண்ணே.”

“ஒண்ணுதான்னா என்னோடதையே குடுத்துடேன்.”

வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. கணக்கை மூடச் சொன்னார், மூடினேன். சில மாதங்கள் கழித்து சிராங்கூன் சாலையில் அவரைப் பார்த்தபோதுதான் ஏன் அப்படிக் கேட்டார் என்று விசாரித்தேன். துறைமுக லைன் வீடுகளில் ஒரு மளிகைக்கடைக்காரர் இருந்தாராம். கூலிக்காரர்கள் சேமிப்பை அவரிடம்தான் கொடுத்து வைப்பார்கள். ஒவ்வொருவர் பணத்தையும் தனித்தனித் துணியில் அவரவரே முடிச்சுப் போட்டுக் கொடுக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது அதே துணி, அதே முடிச்சு. முடிச்சு மாறியிருந்தால் கடைக்காரர் கை வைத்துவிட்டார் என்று அர்த்தம். பெருமாள் அண்ணனுக்கு நாணயம் என்றால் அந்த முடிச்சுதான். என் கவுண்டரில் முடிச்சு அவிழ்ந்திருந்தது. அவர் கேட்டதில் என்ன தவறு?

பக்கத்து வீட்டுக்கு ஒரு படி அரிசி கடன் கொடுத்தால் அதே அரிசியையா திருப்பிக் கேட்பீர்கள் என்றேன். “அரிசின்னா சரி” என்றார். மறுவாரம் வந்து மறுபடியும் கணக்குத் திறந்தார்.

வெளியாரிடம் இவ்வளவு சுலபமாக வந்த பொறுமை, வீட்டில் எனக்கு வரவில்லை.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். பெயர் கமலம். நான் அவளைப் பார்த்ததே இல்லை. அம்மாவும் அப்பாவும் ஜப்பான் சண்டைக்கு முன்பு சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியபோது அவளுக்கு நான்கு வயது. நாகப்பட்டினம் பக்கம் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு வருஷத்தில் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்த வருஷம் ஜப்பான்காரன் வந்துவிட்டான். சண்டை முடிந்து நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா காய்ச்சலில் போனார். அம்மா அம்மியோடு தனியாக நின்றாள். பிறகு ஆட்களை இங்கே அழைத்துக்கொள்வதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. இனி அவள் இங்கே வருவதற்கில்லை, அம்மாதான் போக வேண்டும் என்றானது.

போகவரக் கப்பல் காசை அம்மா சேர்த்துக்கொண்டே இருந்தாள். வருஷாவருஷம் ஏதாவது வந்து அதைத் தின்றுவிடும். என் பள்ளிக்கூடச் செலவும் தின்றிருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. மழை நாளில் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது, அக்காவுக்கும் இப்படித்தான் சுருட்டை முடியா என்று கேட்பேன். அம்மா விரலை நிறுத்திவிட்டு யோசிப்பாள். நாலு வயசில் சுருட்டையாகத்தான் இருந்தது என்பாள். மேலே சொல்ல அவளிடமும் ஒன்றும் இருக்காது.

சேர்த்த காசு முழுவதும் எங்கள் அறையில், மிளகாய் வற்றல் பானைக்குள் இருந்தது. நான் சேமிப்புக் கிளையில் வேலை பார்க்கிறேன், என் சொந்தத் தாயின் பணம் மிளகாய்க்குள் இருக்கிறது. சக ஊழியர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

பிறகு புது நோட்டு வந்தது. ஆர்க்கிட் பூப் போட்ட நோட்டு, நம் சொந்த நாட்டு நோட்டு. பழைய நோட்டும் சிறிது காலம் கூடவே செல்லும் என்றார்கள். ஒன்றுக்கு ஒன்று, குறைவில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். முதல் நாளே ஒரு புது நோட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கக்கூட இல்லை.

“அப்ப வாழைமரம் போட்டான். இப்பப் பூப் போட்டிருக்கான். செடி கொடி போட்ட நோட்டு எதுவும் நிக்காது. ராணி தலை போட்டதை நான் மாத்த மாட்டேன்.”

ஜப்பான் காலத்து நோட்டில் வாழைமரம் இருந்ததும், சண்டை முடிந்த மறுநாள் அது வெறும் காகிதமானதும் உங்கள் வீடுகளிலும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் படம் ஒரு செடி என்பதற்காக நோட்டைச் சந்தேகப்படுவதா? பாடம் நடத்தினேன். அம்மா அம்மிக்குழவியை இன்னும் அழுத்தி உருட்டினாள். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஐந்து மாதம் போயிருக்கும். இங்கிலாந்தில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். பழைய நோட்டு பவுண்டோடு கட்டப்பட்டது, அதுவும் கூடவே இறங்கியது. புது நோட்டு இறங்கவில்லை. நூறு காசாக இருந்த பழைய ஒரு வெள்ளி நோட்டு, தூங்கி எழுந்தபோது புதுக் காசில் எண்பத்தைந்தாக இருந்தது.

கிளை திறந்ததும் வந்த கூட்டத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கைப்பை, தகர டப்பா, தலையணை உறை, எல்லாவற்றிலும் பழைய நோட்டு. எங்கள் மேற்பார்வையாளர், யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது, யாருக்கும் விளக்கம் சொல்லி நேரத்தை வீணாக்கக்கூடாது, கொடுப்பதை வாங்கி மாற்றிக் கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூட்டம் பொறுமை இழந்தால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயம்.

ஆனால் எவ்வளவு வேகமாக வேலை செய்தோமோ அதைவிட வேகமாக வரிசையின் வால் குறைந்துகொண்டிருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எட்டிப் பார்த்தேன். வெளியே நடைபாதையில் இரண்டு மூன்று பேர் பையோடு நின்று, வரிசையில் பின்னால் நிற்பவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு இது ஐம்பது காசு ஆகிவிடும், அப்புறம் ஒன்றுமில்லை, இப்போதே எழுபது தருகிறேன் என்று பேரம். பயந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இழுப்பறையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். மேற்பார்வையாளர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. நான் திரும்பவில்லை. பெருமாள் அண்ணன் கணக்கில் போட்டது போக வீட்டில் வைத்திருந்ததை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார், பைக்காரனுக்காக.

“உள்ளே எண்பத்தஞ்சு, அண்ணே. இவன்கிட்ட குடுக்காதீங்க.”

பைக்காரன் சிரித்தான். “இவர் உள்ள போய்ச் சேர்றதுக்குள்ள கதவைச் சாத்திடுவாங்க லா. நீயா குடுப்பே?”

“கதவைச் சாத்தினா நானும் வெளியதான் நிப்பேன்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதைக் கேட்டுத்தான் பெருமாள் அண்ணன் முடிச்சை மறுபடி இறுக்கினார். தமிழிலும் எனக்குத் தெரிந்த மலாயிலும் வரிசை முழுக்க நடந்து, உள்ளே எண்பத்தைந்து காசு, கடைசி ஆள் வரை மாற்றுவோம் என்று சொன்னேன். கடைசி ஆள் வரை என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உள்ளே வந்து அதை மேற்பார்வையாளரிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். பிறகு தானே போய்க் கதவை நன்றாகத் திறந்து வைத்தார். அன்று கடைசி ஆள் போகும் வரை மூடவில்லை. அடுத்த முறை கேட்டுவிட்டு எழுந்து போ என்று மட்டும் பிறகு சொன்னார்.

அந்த நாள் முழுவதும் என் கவலை வேறு. இங்கே பையோடு நின்றவர்கள் சந்தைக்குப் போயிருக்க மாட்டார்களா? அம்மாவின் பானையைப் பற்றிச் சந்தையில் தெரியாதவர் யார்? கண் முன்னால் யார் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருந்தேன், என் அக்காவிடம் போகும் கப்பல் எழுபது காசுக்கு விலைபோய்க்கொண்டிருக்கலாம். எழுந்து ஓட முடியாது. கடைசி ஆள் வரை என்று நான்தானே சொன்னேன்.

முடிந்ததும் சிராங்கூன் சாலையில் ஓடினேன். அம்மா அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“வந்தாங்களா, அம்மா? நோட்டு வாங்கறவங்க?”

“ஒருத்தன் வந்தான். மசாலா வேணுமா, வேற எதுக்கு வந்தேன்னு கேட்டேன். போயிட்டான்.”

உட்கார்ந்துவிட்டேன். பூ நோட்டை நம்பாத அதே பிடிவாதம் பைக்காரனையும் நம்பவில்லை. அம்மாவுக்கு ஒரு வெள்ளிக்குப் பதினைந்து காசு போனதும் அதனால்தான், முப்பது காசு போகாமல் நின்றதும் அதனால்தான். இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆனால் ஆபத்து தீரவில்லை. பழைய நோட்டு ஒரு தேதிக்குப் பிறகு எங்கேயுமே செல்லாது. நாளைக்கே கொண்டு வா, மாற்றிவிடலாம் என்றேன். பதினைந்து காசை விட்டுக்கொடுத்தா, அது மறுபடி ஏறும், ஏறியே தீரும் என்றாள். அடுத்த இரண்டு மாதமும் எங்கள் அறையில் இதே பேச்சு. நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன். அவள் கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பானை மூடியைச் சரிபார்ப்பாள். பானை அப்படியே இருந்தால் ஒரு நாள் அது முழுவதும் காகிதமாகும், அம்மா அக்காவைப் பார்க்காமலே போய்விடுவாள். நான் கத்தியதுண்டு. அழுததும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்தி ஓய்ந்த பிறகு, பெருமாள் அண்ணனிடம் கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். போன தடவை என்ன நடந்தது, அம்மா?

அம்மா குழவியைக் கீழே வைத்தாள். ஜப்பான்காரன் வாழைமர நோட்டைத்தான் வாங்க வேண்டும் என்றான், வாங்க மறுத்தவருக்கு அடி விழுந்தது. எல்லாரும் சேர்த்தார்கள். பக்கத்து அறைக்காரர் மூட்டையாகவே கட்டி வைத்திருந்தார். அப்பா மட்டும் கையில் இருந்த பழைய வெள்ளைக்காரன் நோட்டு கொஞ்சத்தை இந்தப் பானைக்குள் போட்டு, என்ன ஆனாலும் எடுக்காதே என்றாராம். சண்டை முடிந்த மறுநாள் பக்கத்து அறைப் பிள்ளைகள் வாழைமர நோட்டில் பட்டம் செய்தார்கள். அப்பாவும் போன பிறகு அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. பானையைத் திறந்தாள். அந்தப் பழைய நோட்டில்தான் எனக்குப் பால் டின் வாங்கினாள்.

என்னை உயிரோடு வைத்த பாடத்தைத் தப்பு என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளால் அதை எப்படி விட முடியும்?

மெதுவாகக் கேட்டேன். “பழைய நோட்டுக்கு மறுபடி மதிப்பு எப்படிம்மா வந்துச்சு?”

“வெள்ளைக்காரன் திரும்பி வந்தான்ல.”

“இப்பவும் வருவானா?”

அம்மா குழவியை எடுத்துத் துடைத்தாள். அந்த வாரம்தான் பிரிட்டிஷ் படை சீக்கிரமே போய்விடப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. படை முகாம்களில் சமையல் செய்பவர்கள் அம்மாவிடம் மசாலா வாங்குபவர்கள். அவர்கள் முகம் எப்படியிருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

“இல்லடி” என்றாள். “அவன் மூட்டை கட்டுறான்.”

அவ்வளவுதான்.

மறுநாள் காலை அம்மா எங்கள் கிளை வரிசையில் நின்றாள். முன்னால் வா என்று சைகை காட்டினேன், பார்க்காதது போல நின்றாள். முறை வந்ததும் நான் வழக்கம்போல், “பேர் சொல்லுங்க” என்றேன்.

“நீங்களே எழுதிக்குங்க, மிஸ். உங்களுக்குத் தெரியாததா?”

நோட்டுக் கட்டை அவிழ்த்ததும் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. மிளகாய். நான் எண்பத்தைந்துக் கணக்கைச் சொன்னேன். அம்மா கேட்டாள், அந்தப் பதினைந்து காசு யார் வீட்டுக்குப் போனது? அதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அடுத்த கேள்விதான் பெரியது.

“இந்த நோட்டும் ஒரு நாள் செல்லாமப் போனா?”

இப்படிக் கேட்டால் போகவே போகாது, பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். நிமிர்ந்து பார்த்தால் அம்மாவின் முகம். “போகலாம். போகாதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. இப்போதைக்கு இதுதான் செல்லும், பழசு செல்லாது. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்” என்றேன்.

என்னை நன்றாகப் பார்த்தாள். “அப்பப் பாதியைக் கணக்குல போடு. பாதியைப் பூ நோட்டாவே குடு. பானைக்கு.”

கொடுத்தேன். முழுவதையும் போடுங்கள் என்று உங்களுக்கும் வாய் வரை வரும். விழுங்கிவிடுங்கள். பாதி நம்புகிறவர் பாதியைத்தான் கொடுக்க முடியும். நாம் நம்பத்தக்கவர்களாக நடந்துகொண்டால் மீதி தானாக வரும். மஞ்சள் ஏறிய கட்டைவிரலை அம்மா மையில் வைத்து அழுத்தினாள்.

எண்ணிப் பார்த்தால், அந்தப் பதினைந்து காசுகள் போனதில் கப்பலில் திரும்பி வருகிற காசு குறைந்துவிட்டது. போகலாம், வர முடியாது. மீதியை என் சம்பளத்தில் போடுகிறேன் என்றேன், அம்மா ஒப்பவில்லை. அக்காவுக்கு நிலைமையை உள்ளபடி எழுதினோம். திரும்புவது எதற்கு, இங்கேயே இருந்துவிடு என்று பதில் வந்தது. அம்மா அதை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கிற பார்வையிலேயே, போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. போம்மா, நான் இருந்துகொள்கிறேன் என்றேன்.

“அவளை விட்டுட்டு வந்தேன்” என்றாள். “உன்னையும் விட்டுட்டுப் போகவா?”

இத்தனை வருஷம் அந்தப் பானையில் போகிற காசு அக்காவுக்காகவும், திரும்பி வருகிற காசு எனக்காகவும் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மனுஷிக்கு எந்த நோட்டு செல்லும், எது செல்லாது என்று தெரிவதும் தெரியாததும் எங்கே போய் முடிகிறது, பாருங்கள்.

அதற்குப் பிறகு, குறைந்ததைச் சேர்க்க, ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா வரிசையில் நின்றாள். ஆறேழு மாதத்தில் ஒரு நாள், கேட்காமலேயே பானையின் பாதியையும் கொண்டுவந்து நீட்டினாள். பக்கத்து இருக்கைப் பெண் மறுபடி தும்மினாள்.

அம்மாவோடு நானும் அக்காவைப் பார்க்கப் போக விடுப்பு கிடைத்துவிட்டது. மூன்று மாதம், சம்பளம் இல்லாமல். திரும்பி வரும்போது என்னை வேறு கிளைக்கு அனுப்புவார்கள், அதனால்தான் இதையெல்லாம் இப்போதே சொல்கிறேன். நேற்று மாலை அம்மாவும் நானும் கப்பல் அலுவலகத்துக்குப் போனோம். நாகப்பட்டினத்துக்குப் போகவர, திறந்த தளத்தில் படுத்துப் போகும் மலிவான டெக் டிக்கெட் இரண்டு கேட்டேன். பணம் சேர்த்தா, தனித்தனியா என்று குமாஸ்தா கேட்டார்.

“தனித்தனியா” என்றாள் அம்மா.

அவள் பணத்தை அவள் கொடுத்தாள். என் பணத்தை நான் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கப்பல்.